எதிராளி நாற்காலி

அரைப் பரீட்சை லீவு விட்ட முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம், சௌபாக்கியம் அரங்கத்தில் கடைசி டிக்கெட்டும் விற்று, கடைசி ஆளும் உட்கார்ந்து, வாசல் பக்கிரி 'ஹவுஸ்ஃபுல்' போர்டை இரண்டு கையாலும் தூக்கிக் கொக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோன நேரத்தில், அரங்கத்தின் பின்சுவர் ஒரு பெருமூச்சு விட்டுப் பின்னால் நகர்ந்து, புதிதாக ஒரு வரிசை நாற்காலிகளை உள்ளே விட்டது. முழு வரிசை. பழைய நாற்காலிகள் சிவப்பு, இவை பச்சை ரெக்சின் போட்டவை. உட்கார ஒரு ஆள் இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"காலி வரிசையை வெச்சிக்கினு ஹவுஸ்ஃபுல்லுன்னு எப்டிம்மா மாட்றது?" என்று பக்கிரி போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டான்.

நியாயமான கேள்விதான். அஞ்சுகம் நாடக சபாவின் முதலாளியும் கதாநாயகியுமான அஞ்சுகம், முகத்தில் பாதி அரிதாரத்தோடு எட்டிப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், "விடுடா, நாளைக்கு மாட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போனாள். மறுநாள் அந்தப் பச்சை வரிசைக்கும் டிக்கெட் விற்றார்கள், ஆள் உட்கார்ந்தது, பக்கிரி போர்டைத் தூக்கினான், சுவர் பெருமூச்சு விட்டது, இன்னொரு வரிசை வந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு காட்சி, இரண்டு வரிசை. கிறிஸ்துமஸ் அன்று கூட்டம் மேலே கீழே விழுந்தது, பக்கிரி விடாமல் போர்டைத் தூக்கித் தூக்கி இறக்கினான், வரிசைகள் வந்துகொண்டே இருந்தன.

வெளியே ஒன்றும் மாறவில்லை என்பதுதான் வேடிக்கை. பின்சுவரை ஒட்டி நின்ற இஸ்திரி வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை, மாரியம்மன் கோயில் வேம்பில் ஓர் இலை உதிரவில்லை, அரங்கம் உள்ளுக்குள்ளேயே வளர்ந்தது. வேலப்பன் தெருக்காரர்கள் இதற்கெல்லாம் மூக்கில் விரல் வைக்கிற ஆட்களா? புரசைவாக்கத்தில் வீட்டு வாடகை ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு அரங்கம் ஏறுவது ஒரு அதிசயமா? முதல் வாரம் "கால் வலிக்குதுப்பா, எவ்ளோ தூரம் நடக்கிறது" என்று முனகினார்கள். இரண்டாவது வாரம் தெருவில் டீக்கடை வைத்திருந்த காதர் பாய் நடுவழியில் இன்னொரு கடை போட்டார், சுண்டல்காரம்மா பச்சை வரிசை தொடங்குகிற இடத்தில் அடுப்பே வைத்துவிட்டாள், முன்வாசலில் ஏறினால் கடைசி வரிசையில் இறக்கிவிட ஒரு ரிக்‌ஷாக்காரர் வந்து சேர்ந்தார். பின்வரிசைகளில் இரண்டு கல்யாணப் பேச்சு நடந்து, ஒன்று முடிவும் ஆயிற்று. கட்டட வரி போடுகிறவர் டேப்போடு வந்து வெளியே அளந்தார், உள்ளே அளந்தார், டேப் தீர்ந்துபோனதும் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நாடகத்தைப் பார்த்து, மூக்கைச் சிந்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரமாக இருந்தால் இந்தக் கதையை யார் சொல்லப் போகிறார்கள்! அஞ்சுகத்தின் கழுத்தில் கத்தி இருந்தது.

அந்தத் தெருவில் நாடக அரங்கம் இரண்டு. மேலண்டையில் சௌபாக்கியம், கீழண்டையில் மரகதம். திங்கட்கிழமை விடிந்தால் காதர் பாய் கடைக் கரும்பலகையில் போன வாரம் எந்த அரங்கத்துக்கு எவ்வளவு வசூல் என்று சுண்ணாம்புக் கட்டியில் எழுதுவார்கள், தெருவே டீயை ஆற்றிக்கொண்டு அதைப் படிக்கும். மற்ற மாதங்களில் அது சும்மா பொழுதுபோக்கு. அரைப் பரீட்சை லீவிலிருந்து போகி வரைக்கும் மட்டும் அது உயிர், ஏனென்றால் அந்த லீவு வசூலில்தான் நாடகக்காரர்களின் வருஷத்து அடுப்பு எரியும். வசூல் போகட்டும், அதற்கும் மேலே ஒன்று இருந்தது. சௌபாக்கியத்தின் சொந்தக்காரர் தணிகாசலத்தின் அப்பா காலத்திலிருந்து ஒரு விதி. மார்கழி லீவில் ஒருநாளாவது ஹவுஸ்ஃபுல் போர்டு கொக்கியில் தொங்க வேண்டும். தொங்காவிட்டால் தை முதல் தேதி நாடகக்காரர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"ஐயா, பலகையைப் போய் பாருங்க, இந்த மாதிரி வசூல் இந்த ஊர்ல எவனுக்காவது ஆயிருக்கா?" என்று அஞ்சுகம் கேட்டாள்.

"காசு யாருக்கும்மா வேணும்? நிறையாத கூடம் வீட்டு ஆளைக் காவு கேக்கும்னு எங்க அப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு. என் பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வந்து உக்காந்திருக்கா. போகி ராத்திரிக்குள்ள போர்டு தொங்கலைன்னா தைக்குக் கல்யாண மண்டபமா வுட்ருவேன். என்னைத் தப்பா நெனச்சுக்காத" என்றார் தணிகாசலம். பேசும்போது அவர் கண் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது. பயந்த மனுஷனிடம் கணக்கு பேச முடியுமா?

முப்பது பேர் சாப்பிடுகிற சபா. லைட் போடுகிறவர், ஆர்மோனியம், துணைக்கு நடிக்கிறவர்கள், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள். வேறு அரங்கம் இந்த ஊரில் இவர்களுக்கு யார் கொடுப்பார்கள்?

இது போதாதென்று தொண்டை. 'கடைசி வீட்டுக் கல்யாணம்' என்ற அந்த நாடகத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தாயாக அஞ்சுகம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பேச வேண்டும். மைக் இருந்தது, ஸ்பீக்கரும் இருந்தது, ஆனால் இன்றைக்கு ஸ்பீக்கர் கட்டிய இடத்துக்குப் பின்னால் நாளைக்கு இன்னும் நாலு வரிசை முளைத்தால் என்ன செய்வது? அந்த அரங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வசனம் காதில் விழாவிட்டால் பின்வரிசைக்காரர்கள் பொறுமையாக இருக்க மாட்டார்கள், "கேக்கல!" என்று ஒரே குரலில் கத்துவார்கள். அந்தச் சத்தம் இப்போது எங்கோ தூரத்திலிருந்து, அடுத்த ஊர்த் திருவிழாவிலிருந்து வருகிற மாதிரி மெதுவாக வந்து சேரும். "கேக்க...ல!" அவள் இன்னும் உரக்கப் பேசுவாள். அவர்கள் மறுபடி கத்துவார்கள். மூன்றாவது வாரத்தில் அவள் வீட்டில் கஷாயமும் கற்கண்டுமாகவே உயிரோடு இருந்தாள்.

எல்லாவற்றையும்விட வயிறெரிந்தது கீழண்டையைப் பார்த்துத்தான். மரகதம் அரங்கத்தில் தினமும், தவறாமல், போர்டு தொங்கியது. அங்கே நாடகம் போடுகிறவன் பரஞ்சோதி, அஞ்சுகத்தின் கூடப் பிறந்த தம்பி.

"இன்னாம்மா, உன் தம்பி தினம் மாட்றான், உனக்குக் கொக்கி எட்டலையா?" என்று தெரு கேலி பேசியது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? கரும்பலகையில் மரகதத்தின் வசூல் வாரத்துக்கு வாரம் தேய்ந்துகொண்டே போனதை எல்லோரும் பார்த்தார்கள், அவளும் பார்த்தாள். ஹவுஸ்ஃபுல்லும் ஆகிறது, வசூலும் இறங்குகிறது, அது எப்படி என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. போர்டு கண்ணை மறைத்தது.

அக்காவும் தம்பியும் ஒரே சபாவில் இருந்தவர்கள். அந்தக் கல்யாண நாடகத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது முதலில் தாய் இல்லை, தகப்பன். அது பரஞ்சோதியின் வேஷம். அவனுக்குத் தொண்டையில் ஒரு ஆபரேஷன் ஆகி, குரல் போய், வெறும் காற்று மாதிரி ஒரு கிசுகிசுப்பு மட்டும் மிஞ்சியது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவன், புரசைவாக்கம் நெடுஞ்சாலைச் சுவரில் நாடகப் போஸ்டரைப் பார்த்தான். அவன் முகத்தின் மேல், மைதா பசை இன்னும் காயாமல், அக்காவின் முகம் ஒட்டியிருந்தது. தகப்பனைத் தாயாக மாற்றி எழுதி அவளே நடிக்கத் தொடங்கிவிட்டாள், அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டதற்கு, "உன் குரல் கடைசி வரிசைக்குக் கேக்காதுடா" என்றாள். அன்றைக்கே கீழண்டைக்குப் போய்த் தனி சபா வைத்துவிட்டான். மேடையில் மற்றவர்கள் பேச, இவன் பேசாமலே சிரிக்க வைப்பான்.

அந்தத் தெருவில் இன்னொரு வழக்கமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு அரங்கத்திலும் முதல் வரிசையில் நடைபாதையோர நாற்காலி எதிராளியுடையது. லீவு நாடகம் தொடங்கும் முன்னால் இந்த சபா முதலாளி ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் டிக்கெட்டும் வைத்து அந்த சபா முதலாளிக்கு நேரில் கொடுக்க வேண்டும், அவர் ஒருநாள் வந்து அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். நாடகம் முடிந்ததும் முதல் கைத்தட்டு அவருடையது. எதிராளி தட்டாமல் அரங்கத்தில் வேறு யாரும் தட்டக் கூடாது. தம்பி எதிராளியான பிறகு அஞ்சுகம் தாம்பாளம் கொண்டுபோவதை நிறுத்திவிட்டாள். நாற்காலியை மட்டும் ஒரு துண்டு போட்டு மடக்கியே வைத்திருந்தாள், அதில் ஆள் இருப்பதாகக் கணக்குப் பண்ணி வருஷா வருஷம் போர்டையும் மாட்டினாள். அரங்கமும் வாயைத் திறக்காமல் இத்தனை நாள் ஒத்துக்கொண்டு போயிற்று.

போகி அன்று மத்தியானம். தெருவில் டயர் புகை இன்னும் அடங்கவில்லை. சாயங்காலக் காட்சிதான் கடைசி. அஞ்சுகம் யாரிடமும் சொல்லாமல் காலியான அரங்கத்துக்குள் நடந்தாள், சிவப்பு வரிசைகளைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, சுண்டல் அடுப்பைத் தாண்டி, பச்சை பச்சையாகப் போய்க்கொண்டே இருந்த வரிசைகளின் கடைசியில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தாள். அங்கிருந்து மேடை தெரியவில்லை. திரையும் விளக்கும் தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது, முதல் வரிசையில் துண்டு போட்டு மடக்கி வைத்த அந்த நாற்காலி, கை நீட்டினால் தொடலாம் போல.

எழுந்திருக்க நாற்காலியின் கைப்பிடியைப் பற்றினாள். விரலில் பித்தளை வில்லை ஒன்று தட்டுப்பட்டது. வரிசை எண், அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'மரகதம்'.

"ஐயோ! பாவி, என்ன காரியம் நடந்துக்கிட்டிருக்கு!" என்று அலறப் பார்த்தாள். அலறல் வெளியே வராமல் தொண்டையில் கீறிக்கொண்டு நின்றது.

செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடினாள். மரகதம் வாசலில் அன்றைய போர்டு ஏற்கெனவே தொங்கியது. கதவைத் தள்ளினாள். உள்ளே மேடை இருந்தது, மேடைக்கு எதிரே ஒரே ஒரு பச்சை வரிசை இருந்தது, அந்த வரிசைக்குப் பின்னால் உடனே சுவர். வரிசையின் ஓர நாற்காலி துண்டு போட்டு மடக்கியிருந்தது. அவளுக்கு வைத்த நாற்காலி. அதற்குப் பக்கத்தில் பரஞ்சோதி கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மூக்குக்குச் சிவப்பு பூசிக்கொண்டிருந்தான்.

"டேய்," என்றாள் அவள். "ஏன்டா சொல்லல?"

அவன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என் மூஞ்சி மேல ஒட்டினப்போ நீ சொன்னியா?" அந்தக் கிசுகிசுப்பு அவ்வளவு சின்னக் கூடத்தில் சுவரெல்லாம் பட்டு வந்தது.

"நாளைக்கு இந்த வரிசையும் போயிடும்டா."

"போவட்டும். தினம் போர்டு தொங்குது இல்ல? உனக்கு அதானே பெரிசு. எனக்கும் அதான் பெரிசுன்னு இருந்துட்டுப் போறேன்."

"இன்னைக்கு எனக்குத் தொங்கலைன்னா முப்பது பேரு தெருவுல நிப்பாங்க. நீ வந்து ஒக்காரு, பரஞ்சோதி. நீ ஒக்காந்தாத்தான் அது நிறையும். அது உன் நாற்காலி."

அவன் இப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். வெறுங்காலையும் வெறுங்கையையும் பார்த்தான்.

"தாம்பாளம் எங்கக்கா?" என்றான்.

கேட்க வந்தவள் கையை வீசிக்கொண்டு வந்திருக்கிறாள், இத்தனை வருஷமும் போலவே. திரும்பி ஓடினாள். வீட்டில் தாம்பாளம் பரண் மேலே இருந்தது, கறுத்துப்போயிருந்தது, அதைப் புளி போட்டுத் தேய்க்க நேரமில்லாமல் புடவைத் தலைப்பால் துடைத்தாள், பூக்கடையில் வெற்றிலையும் பாக்கும் வாங்கினாள், அந்த நாற்காலியின் டிக்கெட்டைக் கிழித்து வைத்தாள். தெரு முழுவதும் பார்க்க, இரண்டு கையிலும் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு மேலண்டையிலிருந்து கீழண்டைக்கு நடந்தாள். காதர் பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு நின்றார். கேலி பேசின வாய் ஒன்றும் திறக்கவில்லை. பரஞ்சோதி தாம்பாளத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அவள் அதை மடக்கிய நாற்காலிக்கு முன்னால் தரையில் வைத்தாள். "தப்பு பண்ணிட்டேன்டா" என்று சொல்ல வாயைத் திறந்தாள், பாதியில் குரல் முறிந்து காற்றுதான் வந்தது. அவன் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டான். அவள் திரும்பி மேலண்டைக்கு வந்துவிட்டாள்.

சாயங்காலம் கூட்டம் எப்போதும்போல வந்து ரிக்‌ஷாவில் ஏறிப் போய்ப் போய் உட்கார்ந்தது. வாசலில் தணிகாசலம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பக்கிரி போர்டைப் பிடித்துக்கொண்டு ஏணியில் நின்றான். முதல் மணி அடித்தது. எதிராளி நாற்காலியில் யாராவது உட்கார்ந்தால் போதாதா என்று ஆர்மோனியக்காரர் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு நாற்காலியை விரித்து உட்காரப் பார்த்தார். அது அவரைத் தூக்கிக் கீழே எறிந்துவிட்டு மடங்கிக்கொண்டது. இரண்டாவது மணி அடித்தது. அஞ்சுகம் திரைக்குப் பின்னால் ஓர் ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிட்டாள், முனீஸ்வரனைக் கூப்பிட்டாள், செத்துப்போன அப்பாவைக் கூப்பிட்டாள். மூன்றாவது மணிக்கு மணியடிக்கிறவர் கயிற்றில் கை வைத்தபோது பக்கவாட்டுக் கதவு திறந்தது.

மூக்கில் பாதிச் சிவப்போடு பரஞ்சோதி வந்தான். வாயில் வெற்றிலை. யாரையும் பார்க்காமல் நேராக முதல் வரிசைக்குப் போய் நாற்காலியை ஒரு விரலால் தொட்டான், அது பசுமாடு படுக்கிற மாதிரி சாதுவாக விரிந்தது. உட்கார்ந்தான்.

பின்சுவர் பெருமூச்சு விட்டது. ஆனால் இந்தத் தடவை முன்னால் நகர்ந்தது. பச்சை வரிசைகள் ஒவ்வொன்றாக, உட்கார்ந்திருந்த ஆட்களோடு, சுண்டல் பொட்டலத்தோடு, தூங்கிப்போன குழந்தைகளோடு போயின. போனவர்கள் கண் இமைத்துப் பார்த்தால் கீழண்டை மரகதத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அங்கே முதலாளி இல்லாமல் முழித்துக்கொண்டு நின்ற பரஞ்சோதியின் ஆட்கள், இத்தனை தலைகளைப் பார்த்ததும் சட்டென்று திரையைத் தூக்கிவிட்டார்கள். "கொடுத்த காசுக்கு இன்னொரு நாடகம், போ" என்று ஜனங்களும் காலை நீட்டிக்கொண்டார்கள். அந்த அரங்கத்து ஓர நாற்காலி இன்னும் மடங்கித்தான் கிடந்தது. அதில் அஞ்சுகம் ஒருநாள் போய் உட்கார வேண்டும்.

சௌபாக்கியத்தில் சிவப்பு வரிசைகள் மட்டும் மிஞ்சின, ஒரு நாற்காலி காலி இல்லாமல். பக்கிரி போர்டைக் கொக்கியில் மாட்டினான். சுவர் அசையவில்லை. தணிகாசலம் வாசற்படியிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரை தூக்கினார்கள். அஞ்சுகம் மேடை நடுவில் வந்து நின்றாள், பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு, "என் வீட்டு விளக்கை எடுத்துக்கிட்டுப் போறீங்களே" என்ற முதல் வசனத்துக்கு வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தாள். காற்று. லீவு முழுக்கக் கத்தின குரல் மத்தியானம் தாம்பாளத்தின் முன்னாலேயே தீர்ந்துபோயிருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. கடைசி வரிசை அசைந்தது, செருமியது.

"கேக்கல!"

அவள் கீழே பார்த்தாள். தம்பியின் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவனை அறியாமலே அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான், தகப்பனுக்கு எழுதின பழைய வசனத்தை, ஒரு சொல் மறக்காமல். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே.

அவள் படியிறங்கினாள். கூட்டம் பார்க்க, அவன் முன்னால் போய் நின்று, கையைப் பிடித்து இழுத்தாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றான் அவன் பதறிப்போய். "நான் எழுந்தா இது காலியாயிடும். போர்டை எறக்கிடுவாங்க. எல்லாம் போயிடும்."

அவள் தலையை ஆட்டினாள், ஆனாலும் கையை விடவில்லை. அரிதாரம் கரைந்து கன்னத்தில் ஓடியது. தகப்பன் வேஷத்திலிருந்து மிஞ்சி, தன் தோளில் போட்டிருந்த கல்யாண வீட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து அவன் தோளில் போட்டாள். அவன் எழுந்தான். நாற்காலி மடங்கத் தொடங்கியது, வாசலில் தணிகாசலம் "ஐயையோ" என்று எழுந்தார், பின்சுவர் மூச்சை இழுத்தது. நாற்காலி முழுசாக மடங்குவதற்குள் அஞ்சுகம் அதில் உட்கார்ந்துவிட்டாள். மேடை இப்போது தம்பியுடையது, அப்படியானால் எதிராளி அவள்தான். நாற்காலி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு விரிந்து கொடுத்தது.

பரஞ்சோதி மேடையேறி, பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். மைக்கை விட்டு விலகி நின்றான். "என் வீட்டு விளக்கை எடுத்துக்கிட்டுப் போறீங்களே" என்றான், அந்தக் காற்றுக் குரலில், பக்கத்தில் இருக்கிறவனிடம் ரகசியம் சொல்கிற மாதிரி. அஞ்சுகம் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து அந்தச் சத்தம் வரக் காத்திருந்தாள். அவளே ஒருநாள் அவனுக்குச் சொன்ன தீர்ப்பு அது. அடுத்த வசனம் வந்தது, அதற்கடுத்த வசனம் வந்தது. மின்விசிறிகளை யாரோ நிறுத்தினார்கள். கைக்குழந்தையின் வாயில் ஒருத்தி விரலை வைத்தாள். ஜனம் முழுக்க முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கடைசி வரை ஒருத்தரும் "கேக்கல" என்று கத்தவில்லை.

பெண்ணை வண்டியேற்றி அனுப்பிவிட்டு, தகப்பன் காலிப் பந்தலில் தனியாக நின்றான். நாடகம் முடிந்தது. அரங்கம் அசையாமல் உட்கார்ந்திருந்தது, எதிராளி தட்டாமல் யாரும் தட்டக் கூடாதே. மேடையில் பரஞ்சோதி பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி அக்காவையே பார்த்தான்.

அஞ்சுகம் எழுந்து நின்று, முதல் கையைத் தட்டினாள்.